வெண்ணெய்வெட்டிச் சிப்பாய்

வாய்ச்சவடால் வீரனை நம் பக்கத்தில் வெண்ணெய்வெட்டிச் சிப்பாய் என்பார்கள். அந்தப் பட்டத்தை முதலில் சூட்டியவர் யாரோ, அவர் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை என்பது மட்டும் நிச்சயம். காலை ஆறரை மணிக்கு, பள்ளி வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கிற நேரத்தில், ஃபிரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்த அரைக் கிலோ கட்டியில் கத்தியை இறக்கிப் பார்த்தவன் அந்தச் சிப்பாயைக் கேலி செய்ய மாட்டான். பதக்கத்துக்குச் சிபாரிசு செய்வான்.

எங்கள் வீட்டில் அந்தச் சிப்பாய் நான்தான். சாம்பார், பொரியல், டிபன் பாக்ஸ் எல்லாம் மனைவிக்கும் அம்மாவுக்கும் போக, "பிரட்டுல பட்டர் தடவறது ஒண்ணுதானே, அதையாவது செய்யுங்க" என்று எனக்கு ஒதுக்கப்பட்ட இலாகா இது. இலாகா இல்லாத மந்திரியாகவே இருந்திருக்கலாம். கத்தியை அழுத்தினால் பிரட் கிழிகிறது. அழுத்தாவிட்டால் வெண்ணெய் அசைய மறுக்கிறது. கடைசியில் பிரட்டுக்கு நடுவில் ஓர் ஓட்டை, ஓட்டைக்குப் பக்கத்தில் கோலிக்குண்டு அளவில் வெண்ணெய், மற்ற இடமெல்லாம் தரிசு. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் அதைத் தூக்கிப் பிடித்து, ஓட்டை வழியாக என்னைப் பார்த்து, "ப்பா, இது கிரகணம் பாக்கறதுக்கா?" என்றாள்.

அதே வாரம் இன்னொரு அடி. என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் படித்த டாக்டர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டாக்டர்கள் கண்ணாடியைத் துடைத்தால் நல்ல சேதி வராது. "வெண்ணெய் சாப்பிட்டா நல்ல வெண்ணெயா, கொஞ்சமா சாப்பிடுங்க" என்றார். நல்லது என்றால் எது, கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். அரசு அலுவலகத்தில் இருபத்தைந்து வருஷம் கோப்பு பார்த்தவன் நான். உடம்புக்கு ஆகிற வெண்ணெய், கத்திக்கு இணங்குகிற வெண்ணெய், இரண்டும் ஒன்றாக இருக்க முடியுமா என்ற பொருளில் அன்று சாயங்காலமே மனதுக்குள் ஒரு கோப்பு திறந்தேன்.

முதலில் பெயர்க் குழப்பம். எங்கள் வீட்டில் பட்டர் என்பது வேறு, வெண்ணெய் என்பது வேறு. பட்டர் மஞ்சள், அட்டைப் பெட்டியில் வரும், உப்புக் கரிக்கும், பிரட்டுக்கு. வெண்ணெய் வெள்ளை, உப்பில்லாதது, நெய் காய்ச்சவும் முறுக்குக்கும் கிருஷ்ண ஜெயந்திக்கும். இரண்டும் ஒரே பொருள்தான் என்று சொன்னால் என் அம்மா இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டார். வெண்ணெய் வெளுப்பாக இருப்பது எருமையின் கைங்கரியம். பசு, தான் தின்ற பச்சையின் கரோட்டினில் கொஞ்சத்தை அப்படியே பாலில் விட்டுவிடும், அதனால் அதன் வெண்ணெய்க்கு மஞ்சள் சாயல். எருமை அதையெல்லாம் உள்ளேயே வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடும். பெட்டியில் வரும் மஞ்சளுக்குப் பெரும்பாலும் அன்னாட்டோ என்கிற விதையின் சாயம் காரணம். ஆக, மஞ்சளைப் பார்த்துச் சத்தை எடை போட முடியாது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு பழமொழி இருக்கிறது; மஞ்சளானதெல்லாம் பசு என்று நம்புகிறவர்களுக்குத்தான் இன்னும் யாரும் சொல்லி வைக்கவில்லை.

நான் பிறந்தது ஊத்துக்குளிப் பக்கம். திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் நடுவே ரயில் நிற்கும் சின்ன ஊர். அதன் பெயரைச் சொன்னால் கொங்கு நாட்டில் எவரும் அடுத்து வெண்ணெய் என்றுதான் முடிப்பார்கள். அந்த ஊர்க்காரன் சென்னையில் வெண்ணெய் தடவத் தெரியாமல் நிற்கிறான் என்றால், திருநெல்வேலிக்காரன் அல்வாவை எப்படி விழுங்குவது என்று கேட்பதைப் போன்ற அவமானம். அதனால் இந்த விஷயத்தை ஊர்க்காரர் எவரிடமும் இதுவரை சொன்னதில்லை.

அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, தயிர் சிலுப்பும்போது பக்கத்தில் குந்திக்கொண்டு பார்ப்பது எனக்குப் பிழைப்பு. தூணில் கயிறு கட்டி மத்தை இழுப்பாள். சித்திரை மாசத்தில் பானைக்குள் குளிர்ந்த தண்ணீர் ஒரு சொம்பு ஊற்றுவாள், மார்கழியில் வெதுவெதுப்பாக ஒரு சொம்பு. கேட்டால், "வெண்ணைக்கும் சீதோஷ்ணம் வேணுஞ் சாமி" என்பாள். அவள் வீட்டில் கடிகாரமே கிடையாது, தெர்மாமீட்டருக்கு எங்கே போவாள்? மோர் சூடேறினால் கொழுப்பு குழைந்துபோய் மோரோடு மோராக நின்றுவிடும். மிஞ்சிக் குளிர்ந்தால் கொழுப்புத் துளிகள் இறுகி ஒன்றோடொன்று ஒட்டாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சிறு இடைவெளியில்தான் வெண்ணெய் திரளும். அந்த இடைவெளியை அவள் விரல் நுனியில் வைத்திருந்தாள்.

திரண்டதை உருட்டி, மோர் போகக் கழுவிக் கழுவி, ஒரு மண்சட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு உறியில் தூக்கிவிடுவாள். காலையும் மாலையும் தண்ணீர் மாற்றுவாள். அவ்வளவுதான் அவளுடைய குளிர்பதன நிலையம். "கண்ணு, கைய நீட்டு" என்று சொல்லி ஓர் எலுமிச்சங்காய் அளவை உள்ளங்கையில் வைப்பாள், பக்கத்தில் கம்மஞ்சோறு. எங்கேயும் தடவ வேண்டிய அவசியமே வரவில்லை. கண்ணன் காலத்திலிருந்து வெண்ணெயைத் திருடியிருக்கிறோம், உருட்டியிருக்கிறோம், விழுங்கியிருக்கிறோம். அதைத் தட்டையான ஒரு பண்டத்தின் மேல் ஒரே கனத்தில் பூசச் சொல்லி நம்மை யாரும் கேட்டதில்லை. வெள்ளைக்காரன் பிரட்டைக் கொண்டுவந்தான், கூடவே அவன் ஊரின் வெயிலற்ற சமையலறையைக் கொண்டுவரவில்லை. எல்லாச் சிக்கலும் அங்கே ஆரம்பித்தது.

ஏனென்றால் வெண்ணெய்க்குக் குணம் அப்படி. அது ஒரே கொழுப்பல்ல, ஒரு கூட்டுக்குடும்பம். அதில் சில கொழுப்புகள் ஃபிரிட்ஜின் குளிரிலும் எண்ணெயாகவே இருக்கும், சில முப்பது டிகிரி தாண்டினாலும் இளக மாட்டேன் என்று விறைத்து நிற்கும். ஃபிரிட்ஜில் 5 டிகிரியில் மொத்தக் கொழுப்பில் ஏறக்குறைய பாதி படிகமாக உறைந்துவிடுவதால் கட்டி செங்கல்லாகிறது. 20 டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் உறைந்திருக்கும். அந்த நிலையில் கத்தி சொன்ன பேச்சைக் கேட்கும். 35 டிகிரியில் குடும்பமே உருகிவிடும். பசு பச்சைப் புல் மேய்கிற மாதங்களில் இளகிய கொழுப்பு கூடும், வைக்கோலும் தீவனமும் தின்கிற காலத்தில் குறையும். எருமை வெண்ணெய் பசு வெண்ணெயைவிட இறுக்கம். நான் வளர்ந்தது எந்த வெண்ணெயில் என்பதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

15-இலிருந்து 20 டிகிரி வரை. வெண்ணெய் நமக்குக் கொடுக்கிற சலுகை இவ்வளவுதான். சென்னையில் என் வீட்டில் இரண்டு பருவநிலைகள் உண்டு: ஃபிரிட்ஜுக்கு உள்ளே, ஃபிரிட்ஜுக்கு வெளியே. உள்ளே 5, வெளியே வைகாசியில் 35. நடுவே உள்ள அந்த ஐந்து டிகிரி, வெண்ணெய் கல்லிலிருந்து எண்ணெய்க்குப் போகிற வழியில் சில நிமிஷம் தங்கிச் செல்லும் ரயில் நிலையம். நான் குளித்துவிட்டு வருவதற்குள் வண்டி கிளம்பியிருக்கும்.

பரிசோதனைகள் தொடங்கின. கத்தியை அடுப்பில் காட்டிச் சூடேற்றி வெட்டினேன். வெண்ணெயில் அழகாக இறங்கியது, பிரட்டுக்கு வந்ததும் ஆறிவிட்டது. மைக்ரோவேவில் பத்து நொடி வைத்தேன். நடுவில் ஏரி, சுற்றிலும் கோட்டைச் சுவர், அகழியை உள்ளே வெட்டின கோட்டை. அப்படி உருகினதை மறுபடி ஃபிரிட்ஜில் வைத்தால் பழைய வெண்ணெய் திரும்பி வராது. தண்ணீரும் கொழுப்பும் பிரிந்து, படிகம் பெரிதாகி, ரவை ரவையாக நிற்கும். பிறகு கேரட் துருவியில் துருவிப் பார்த்தேன். இது பலித்தது. பிரட்டின் மேல் இமயமலைப் பனி போல விழுந்து, இரண்டு நிமிஷத்தில் தானே இளகியது. ஆனால் துருவியைக் கழுவுகிறவர் யார் என்ற கேள்வி எழுந்தபோது, அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

எல்லாவற்றிலும் மோசமானது செட்-டாப் பாக்ஸ் யோசனை. அந்தப் பெட்டியின் மேல்புறம் எப்போதும் இளஞ்சூடாக இருப்பதைக் கவனித்து, ஒரு கிண்ணத்தில் வெண்ணெயை அதன்மேல் வைத்தேன். இருபது நிமிஷம் போதும் என்று கணக்கு. அன்றைக்குப் பார்த்து கிரிக்கெட்டில் கடைசி ஐந்து ஓவர். பிறகு நடந்ததை விவரிக்க வேண்டாம். பழுது பார்க்க வந்த பையன் பெட்டியைத் திறந்து முகர்ந்துவிட்டு, "சார், இதுல பாப்கார்ன் பொரிச்சீங்களா?" என்றான். 

உருப்படியாகக் கைகொடுத்தது காபி டம்ளர்தான். தடவ வேண்டிய அளவை மட்டும் மெல்லிய வில்லைகளாக வெட்டித் தட்டில் வைத்துக்கொள்வது, எவர்சில்வர் டம்ளரில் கொதிக்கிற வெந்நீரை ஊற்றி ஒரு நிமிஷம் விட்டுக் கொட்டுவது, சூடான டம்ளரை வெண்ணெயின் மேல் கவிழ்த்துவிடுவது. ஐந்து நிமிஷத்தில் இளகிவிடும், உருகாது. கட்டியாக வைத்தால் இந்த வித்தை பலிக்காது. மெல்லிசாக இருந்தால்தான் சூடு உள்ளே போகும். இதை நானாகக் கண்டுபிடித்தேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் மனுஷன் சோம்பேறி. டம்ளரைக் கவிழ்க்காமலே ஃபிரிட்ஜிலிருந்து நேராகத் தடவும் சரக்கு இருக்கிறதா என்று கடைக்குப் போனேன். இருக்கிறது. வரிசையாக, பிளாஸ்டிக் டப்பாக்களில், சூரியகாந்தி, புல்வெளி, சிரிக்கிற பசு என்று படம் போட்டுக்கொண்டு. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, டப்பாவைத் திருப்பி, எறும்பு எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். கடைப் பையன் என்னை உணவு இன்ஸ்பெக்டர் என்று நினைத்து நாற்காலி கொண்டுவந்து போட்டான். முப்பது வருஷம் முன்னேயே இந்த மாதிரி படித்திருந்தால் நாற்காலி எத்தனை கிடைத்திருக்கும்!

விஷயம் எளிது. நம் நாட்டுச் சட்டப்படி பிரட்டுக்குத் தடவும் வெண்ணெய் என்று விற்றால் அதில் 80 சதவீதமாவது பால் கொழுப்பு இருக்க வேண்டும். தண்ணீர் 16 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, உப்பு 3 சதவீதத்துக்கு மேல் கூடாது. சேர்மானப் பட்டியலும் அதற்கேற்பக் குட்டையாக இருக்கும்: பால் கொழுப்பு, உப்பு, கொஞ்சம் நிறம். ஃபிரிட்ஜிலிருந்து நேராக வழுக்குகிற டப்பாக்களில் பெரும்பாலும் வெண்ணெய் என்ற சொல் பெயரில் இருக்காது, ஸ்பிரெட் என்று இருக்கும்; உள்ளே தாவர எண்ணெய், பால்மம் கூட்டும் பொருள், மணம், நிறம் என்று கல்யாணப் பத்திரிகையில் உறவினர் பெயர்கள் வருவதுபோல் வந்துகொண்டே இருக்கும்.

இந்த வம்சத்தின் மூலபுருஷர் ஒரு பிரெஞ்சுக்காரர். மூன்றாம் நெப்போலியன், ஏழைகளுக்கும் கடற்படைக்கும் மலிவான வெண்ணெய் வேண்டும் என்று பரிசு அறிவிக்க, இப்போலித் மேஜ்-மூரியே என்ற வேதியியலாளர் 1869-இல் மாட்டுக் கொழுப்பையும் பாலையும் வைத்து ஒன்றைச் செய்தார். முத்து என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு மார்கரின் என்று பெயர் வந்தது. அமெரிக்காவில் பால் பண்ணைக்காரர்கள் இந்த முத்தைக் கண்டு கொதித்துப்போனார்கள். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 1891-இல் ஒரு சட்டமே போட்டார்கள்: மார்கரின் விற்பதானால் அதற்கு இளஞ்சிவப்புச் சாயம் போட்டுத்தான் விற்க வேண்டும்! ரோஸ் நிறத்தில் ஒன்றைப் பிரட்டில் தடவிப் பிள்ளைக்கு யார் கொடுப்பார்கள்? 1898-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சட்டத்தைத் தூக்கியெறிந்தது. விஸ்கான்சின் மாநிலத்தில் மஞ்சள் நிற மார்கரின் விற்கவே 1967 வரை தடை இருந்தது.

நாம் மட்டும் சளைத்தவர்களா? நம் ஊரில் நெய்யில் வனஸ்பதி கலப்பவர்களைப் பிடிக்க, வனஸ்பதி தயாரிக்கும்போதே அதில் 5 சதவீதம் நல்லெண்ணெய் கலக்க வேண்டும் என்று வெகுகாலம் சட்டம் இருந்தது. சந்தேகப்படும் நெய்யில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சர்க்கரையும் சேர்த்துக் குலுக்கினால், நல்லெண்ணெய் இருந்தால் ரோஸ் நிறம் வந்து காட்டிக்கொடுத்துவிடும். அங்கே கடையிலேயே வெட்கப்பட வைத்தார்கள், இங்கே ஆய்வுக்கூடத்தில் வெட்கப்பட வைத்தார்கள்.

எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றி வனஸ்பதிபோலக் கட்டியாக்குகிற வேலையில்தான் டிரான்ஸ் கொழுப்பு என்ற வில்லன் பிறந்தான். வெண்ணெயின் கொழுப்பைவிட இதயத்துக்குக் கெடுதலானவன். இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் அதை 2022-இலிருந்து 2 சதவீதத்துக்குள் அடக்கிவிட்டார்கள். ஆகவே இன்றைய ஸ்பிரெட்டெல்லாம் விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. டாக்டர் சொன்னால் அதைத் தின்னலாம். ஆனால் வெண்ணெய் என்று நினைத்துக்கொண்டு தின்னக் கூடாது. நியூசிலாந்துக்காரர்கள் இதில் வேறு வழி கண்டார்கள். வெண்ணெயை உருக்கி மெல்ல ஆறவிட்டு, முதலில் உறைகிற முரட்டுக் கொழுப்பைப் பிரித்தெடுத்துவிட்டு, மீதியிலிருந்து குளிரிலும் இளகி நிற்கும் வெண்ணெய் செய்தார்கள். அவர்கள் ஊர் ஃபிரிட்ஜுகளில் வெண்ணெய் வைக்கும் அறைக்குத் தனியாகச் சின்ன ஹீட்டர் வைத்ததும் உண்டு. குளிர்ப்பெட்டி வாங்கி அதற்குள் அடுப்பு மூட்டிய ஜாதி. எனக்கு அவர்கள்மேல் மரியாதை பொங்கியது.

உதிரியாக விற்கும் வெள்ளை வெண்ணெயில் வேறு பயம். உருளைக்கிழங்கையோ சர்க்கரைவள்ளிக்கிழங்கையோ மசித்துக் கலந்துவிடுவார்கள். ஒரு துளி டிங்சர் அயோடின் விட்டால், மாவுச்சத்து இருந்தால் நீலமாகும். காயத்துக்கு வைத்திருந்த பாட்டிலை எடுத்து நானே சோதித்தேன். சிட்டிகை வெண்ணெயைத் தனியே எடுத்துத்தான் சோதிக்க வேண்டும் என்பது அந்த அவசரத்தில் தோன்றவில்லை. கால் கிலோ பொட்டலத்தின் மேலேயே விட்டுவிட்டேன். நீலமாகவில்லை. சுத்தமான வெண்ணெய். சுத்தமாக இருந்தது என்று சொல்ல வேண்டும். "கலப்படமே இல்லாத வெண்ணெயில கலப்படம் பண்ணின ஒரே ஆள் நீங்கதான்" என்றாள் மனைவி.

வாங்குவது இப்படி என்றால் வைப்பது அதைவிடப் பெரிய பாடு. ஃபிரிட்ஜ் கதவின் மேல்பக்கத்தில் மூடி போட்ட சின்ன அறை ஒன்று இருக்கிறதல்லவா? அது வெண்ணெய்க்கென்று வைத்தது. கதவுப் பக்கம் கொஞ்சம் குளிர் குறைவு, மூடி இருப்பதால் வேறு வாசனை அண்டாது. எங்கள் வீட்டு வெண்ணெய் அறையைத் திறந்து கணக்கெடுத்தேன். அம்மாவின் கண் சொட்டு மருந்து, பாதி பயன்படுத்திய மருதாணிக் கோன், ரிமோட்டுக்கு இரண்டு பென்சில் பேட்டரி, திருப்பதி லட்டு பாதி, கோவில் விபூதிப் பொட்டலம், எந்தப் பூட்டுக்கும் சேராத ஒரு சாவி. வெண்ணெய் எங்கே என்றால், நடுத்தட்டில், வெறும் காகிதத்தில், மல்லிகைப் பூப் பொட்டலத்துக்கும் மாங்காய்த் தொக்குக்கும் நடுவில்.

அதனால் ஒருநாள் காலை பிரட்டைக் கடித்த மகள் நிமிர்ந்து பார்த்து, "ப்பா, இது கல்யாண வீட்டு வாசனை அடிக்குதே" என்றாள். கொழுப்புக்கு வாசனையைக் கண்டால் விடாது. பிரான்சில் கிராஸ் என்ற ஊரில் அத்தர் எடுக்கிறவர்கள் இதையே தொழிலாகச் செய்தார்கள். கண்ணாடிப் பலகையில் சுத்தம் செய்த கொழுப்பைப் பூசி, அதன்மேல் மல்லிகையை அடுக்குவார்கள். பறித்த பிறகும் மணத்தை விட்டுக்கொண்டே இருக்கும் பூ அது. நாள்தோறும் வாடிய பூவை எடுத்துப் புதுப் பூ வைத்து, வாரக்கணக்கில் கொழுப்புக்கு மணம் ஏற்றுவார்கள். அவ்வளவு செலவு பிடிக்கிற வேலையை என் மனைவி இருபது ரூபாய்ப் பூவில் ஒரே ராத்திரியில் முடித்திருந்தாள். இதை நான் பாராட்டாகத்தான் சொன்னேன். தொக்கு வாசனையும் சேர்ந்திருந்ததால் அத்தர் வியாபாரத்தை மேற்கொண்டு யோசிக்கவில்லை.

மூடாமல் விட்ட வெண்ணெய்க்கு இன்னொரு கதியும் உண்டு. காற்றும் வெளிச்சமும் பட்டுக் காறிப்போகும். கெட்ட வெண்ணெயின் நாற்றத்தில் பங்குள்ள பியூட்டிரிக் அமிலத்துக்குப் பெயரே வெண்ணெய்க்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வாந்தியின் நாற்றத்திலும் அதற்குப் பங்கு உண்டு. சாப்பிடும் நேரத்தில் படிப்பவர்கள் மன்னிக்கவும். உப்பு போட்டது அவ்வளவு சீக்கிரம் கெடாது. நூறு கிராம் வெண்ணெயில் 2 கிராம் உப்பு என்றால் குறைவாகத் தோன்றும். ஆனால் அந்த உப்பெல்லாம் கரைந்திருப்பது உள்ளே இருக்கும் 16 கிராம் தண்ணீரில் மட்டும். கணக்குப் போட்டால் வங்காள விரிகுடாவைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் கரிப்பு. ஊறுகாய் கெடாமல் இருக்கிற அதே சூட்சுமம். எனக்கு ரத்த அழுத்தம் என்பதால் அந்தச் சூட்சுமம் எனக்கு ஆகாது. உப்பில்லாததை வாங்கி, ஒரு வாரத்துக்கானதை மட்டும் ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டு, மற்றதைக் காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரீசரில் போட்டுவிடுகிறேன். அங்கே மாதக்கணக்கில் இருக்கும்.

அளவையும் ஒருவழியாகக் கண்டுகொண்டேன். பத்து கிராம் வெண்ணெயில் 72 கலோரி, நிறைவுற்ற கொழுப்பு ஏறக்குறைய 5 கிராம். ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவர் அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது சுமார் 22 கிராம். இரண்டு டீஸ்பூன் வெண்ணெயிலேயே கால்வாசி போய்விடுகிறது. தேங்காய்ச் சட்னியும் சாயங்காலக் காபியும் இன்னும் வரிசையில் நிற்கின்றன. இங்கேதான் எனக்கு ஒன்று உறைத்தது. கல்லாக இருக்கும் வெண்ணெயைத் தடவினால் கோலிக்குண்டு கோலிக்குண்டாக அதிகம் போகிறது. இளகினதைத் தடவினால் அரை டீஸ்பூனில் ஒரு பிரட் முழுக்க மினுங்குகிறது. டாக்டர் கேட்டதும் மகள் கேட்டதும் கடைசியில் ஒன்றுதான்.

கோப்பை மூடுகிற நேரத்தில் புதுச்சேரியிலிருந்து மைத்துனர் வந்தார். பிரான்சில் இருக்கும் சொந்தக்காரர் கொடுத்தது என்று ஒரு பீங்கான் சாமானைக் கொண்டுவந்தார். இரண்டு பாகம். கீழே ஒரு கிண்ணம், மேலே மணி போல ஒரு மூடி. மூடிக்குள் வெண்ணெயை அழுத்தி நிரப்பி, கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, கவிழ்த்துவிட வேண்டும். தண்ணீர் காற்றை உள்ளே விடாது. ஃபிரிட்ஜ் இல்லாமலே வெண்ணெய் இளகலாக, கெடாமல் இருக்கும். இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினால் போதும். பிரிட்டானிப் பக்கத்து வழக்கம் என்றார். அந்தப் பகுதிக்குப் பழைய பிரெஞ்சு அரசர்களின் உப்பு வரி கிடையாதாம், அதனால் அங்கே வெண்ணெயில் உப்பை அள்ளிப் போடுவது பரம்பரைப் பழக்கம். 1930-இல் உப்புக்காக வேதாரண்யம் வரை நடந்தவர்களின் நாட்டில் இதைக் கேட்டால் கொஞ்சம் வயிறெரிகிறது.

அம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தண்ணிக்குள்ள வெண்ணை, தண்ணிய மாத்தோணும், அவ்வளவுதானுங்களா தம்பி?" என்று மைத்துனரிடம் கேட்டார். "இதுக்கா பிரான்சு? எங்கம்மா சட்டி உறியில இருந்து விழுந்து ஒடஞ்சு நாப்பது வருசமாச்சு. இருந்திருந்தா குடுத்தனுப்பியிருப்பேன்."

தை மாசம் முழுக்க அந்தப் பீங்கான் என் வாழ்க்கையின் வசந்தம். காலையில் மூடியைத் திருப்பினால் மெத்தென்று வெண்ணெய். பிரட்டில் கத்தி சறுக்கிக்கொண்டு போகும். மகள்கூட, "பரவால்லப்பா" என்றாள். அந்த வயதில் அது பத்மஸ்ரீ. பங்குனி பிறந்தது. ஒருநாள் காலை மூடியைத் தூக்கினால் மூடி காலி. வெண்ணெய் மொத்தமும் நழுவிக் கீழே தண்ணீரில் விழுந்து, வாழ்க்கையை வெறுத்த நிலையில் மிதந்துகொண்டிருந்தது. 26, 27 டிகிரிக்கு மேல் போனால் அந்தச் சாமானுக்குப் பிடிமானம் போய்விடும். பிரிட்டானியில் சித்திரை வெயில் இல்லை. அம்மிச்சி வெண்ணெயை மேலே தொங்கவிடாமல் ஆரம்பத்திலேயே தண்ணீரில் போட்டுவிட்டாள். விழுவதற்கு அதற்கு இடமே கிடையாது.

இப்போது ஒரு முறை வகுத்திருக்கிறேன். ஞாயிறு ராத்திரி நூறு கிராம் கட்டியைக் குளிர்ச்சியாக இருக்கும்போதே பத்து வில்லையாக வெட்டி, நடுவே தாள் வைத்து, மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி, கதவு அறையில் வைக்கிறேன். சாவியையும் விபூதியையும் அதற்காகக் காலி செய்ய வேண்டியிருந்தது. பேட்டரி இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. தினமும் ஆறு பத்துக்கு அன்றைக்கான வில்லையை வெளியே எடுக்கிறேன். கோடையில் பத்து நிமிஷம், மழைக்காலத்தில் இருபது. அவசரமென்றால் டம்ளர்.

போன ஞாயிறு அப்படி வெட்டி அடுக்கினேன். திங்கட்கிழமை காலை டப்பாவைத் திறந்தால் ஒன்றுமில்லை. சமையலறையிலிருந்து சலசலவென்று சத்தம், பிறகு முருங்கைக்கீரை பொரிகிற வாசனை. ஓடினேன். வாணலியில் பொன்னிறமாக நெய் நின்றது, மேலே கீரை மொறுமொறுவென்று. "நெய் தீந்துபோச்சுங்க. கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு நெய்க்கு எங்க அலையறது?" என்றாள் மனைவி. அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? பழமொழி அவள் பக்கம் இருந்தது.

வேன் ஹாரன் அடித்தது. மகள் பிரட்டை எடுத்து, சூடான நெய்யை ஒரு கரண்டியால் லேசாகத் தெளித்து, வாயில் கவ்விக்கொண்டு செருப்பை மாட்டினாள். ஓரம் வரைக்கும் ஒரே சீராக நனைந்திருந்தது. எங்கேயும் ஓட்டை இல்லை.